கண்ணுக்கு ஒண்ணு, லினக்ஸுக்கு ரெண்டு

பழைய மேக்கில் ஓடின ஒரு ப்ரோகிராமை ஃபைல்களோடு லினக்ஸ் சர்வருக்கு மாத்தினேன். பட்டியலில் பெயர் இல்லாத ஃபைலை அழிக்கிறதுதான் அதோட வேலை. நல்லவேளை, முதலில் அழிக்காம, எதை அழிக்கும்னு மட்டும் பார்த்தேன். பட்டியலில் இருக்கிற ‘பொங்கல்’ ஃபைலையும் காட்டுது!

பிரச்சினை ‘பொ’வில்தாங்க. யூனிகோடில் இந்த ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று பிரித்தும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. யூடிஎஃப்-8இல் முதலாவது 3 பைட், மற்றது 6. பழைய மேக்கின் ஹெச்எஃப்எஸ் பிளஸ், ஃபைல் பெயரைப் பிரித்தே சேமிக்கும். நாம டைப் செய்த பட்டியலில் சேர்ந்த வடிவம். லினக்ஸ் வழக்கமா பைட்டை மட்டும்தான் ஒப்பிடும்.

ஒப்பிடும் முன்னாடி ரெண்டு பக்கத்தையும் என்எஃப்சி வடிவத்துக்கு மாத்திடுங்க. பைத்தானில் ஒரு வரி வேலை. ‘போ’, ‘பௌ’வுக்கும் இதே கதைதான்.