தூத்துக்குடித் துறைமுகம்

கடலிற் செல்லும் கலங்கள் காற்றுக்கும் அலைக்கும் அஞ்சாது தங்கிச் சரக்கை ஏற்றவும் இறக்கவும் இடமாவது துறைமுகம். அஃது இயற்கைத் துறைமுகம், செயற்கைத் துறைமுகம் என இருவகைப்படும். நிலம் கடலை வளைத்து அணைத்துக்கொள்ள, உள்ளே நீர் ஆழ்ந்தும் அமைதியுற்றும் கிடப்பது இயற்கைத் துறைமுகம். மும்பையும், குன்றுகள் சூழ்ந்த இலங்கைத் திருகோணமலையும் இவ்வகையின. அத்தகைய பேறு வாய்க்காத இடத்தில் மக்கள் தம் உழைப்பால் அமைத்துக்கொள்வது செயற்கைத் துறைமுகம். தூத்துக்குடி இதற்குச் சிறந்த சான்றாகும்.

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் எப்போதும்வென்றான் என்னும் ஊர் உள்ளது. சுற்றிலும் கரிசல் நிலம். மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளைவிப்பர். அவ்வூரிலிருந்து தென்கிழக்கே செல்வோர், கரிசல் மறைந்து வெண்ணிற உப்பளங்கள் தோன்றக் காண்பர். அவற்றிற்கு அப்பால் கடலும் துறைமுகமும் விளங்கும். கரிசற் பருத்தி கடல் கடந்து சென்ற வழி இதுவே.

பண்டு இப்பகுதியின் பெருந்துறையாக விளங்கியது கொற்கை. தாமிரபரணியின் கழிமுகத்தில் இருந்த அப்பாண்டியர் துறையின் முத்தை யவனரும் அறிந்திருந்தனர். ஆயினும், ஆறு கொணர்ந்த வண்டல் படியப் படியக் கடல் விலகிற்று. இன்று கொற்கை கடலை விட்டகன்ற சிற்றூராய் நிற்கின்றது.

தூத்துக்குடிக்கோ இலங்கைத் தீவு காப்பாக அமைந்துள்ளது. ஆதலின் இங்குப் புயலின் சீற்றம் குறைவு. எனினும் கரையோரத்தில் ஆழம் இல்லை. பெருங்கப்பல்கள் கரையை அணுக மாட்டாமல், சில கல் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. பருத்திப் பொதிகளைத் தோணிகளே கப்பலுக்குக் கொண்டு சேர்த்தன.

இத்துறையிலேதான் அந்நியரின் கப்பல் வாணிகத்தை எதிர்த்துத் தமிழர் ஒருவர் கப்பல் ஓட்டினார். எப்போதும்வென்றானுக்கு அணித்தாய ஓட்டப்பிடாரத்தில் 1872-ஆம் ஆண்டு பிறந்த வ. உ. சிதம்பரனாரே அவர். 1906-இல் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை மிகக் குறைத்து அவரை வீழ்த்த முயன்றது. 1908-இல் அரசு அவரைச் சிறையிலிட்டது. கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்தார். அவர் விடுதலை பெறுமுன்னரே கம்பெனி கலைந்துபோயிற்று.

நாடு விடுதலை பெற்றபின் புதிய துறைமுகம் எழுந்தது. பெருங்கற்களைக் கடலிற் குவித்து, வடபால் 4,098 மீட்டரும் தென்பால் 3,873 மீட்டரும் நீளமுள்ள இரண்டு அலைதடுப்புக் கரைகளை அமைத்தனர். ஓங்கி வரும் அலை அக்கற்களின் இடுக்குகளிற் புகுந்து சிதறி வலியிழக்கின்றது. உள்ளே நீர் அமைதியுறுகின்றது. கடலடியைத் தோண்டி ஆழப்படுத்தியமையால், பெருங்கப்பல்கள் மேடையை ஒட்டியே நின்று சரக்கை ஏற்றி இறக்குகின்றன. 1974-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 11-ஆம் நாள் இது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011-இல் சிதம்பரனாரின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது.

இயற்கை அளித்த கொற்கைத் துறை மறைந்தது. இயற்கை அளியாத ஆழத்தை மக்கள் உழைப்பு தூத்துக்குடியில் உண்டாக்கிற்று. அவ்வாழமும் தானே நிலைத்து நிற்பதன்று. மணல் படியுந்தோறும் தூர்வாரிப் பேணுதல் வேண்டும். முன்னோர் உழைப்பால் பெற்ற செல்வம், பின்னோர் உழைப்பால்தான் நிலைபெறும்.