கூரையும் தூம்பும்

மனிதனை வெயிலினின்றும் மழையினின்றும் காப்பது வீடு. அவ்வீட்டைக் காப்பது கூரை. நாம் சுவருக்கு வெள்ளையடிக்கிறோம், தரையைப் பெருக்கி மெழுகுகிறோம், வாசலில் கோலமிடுகிறோம். ஆயினும், கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருத்தலால் கூரையை மட்டும் மறந்துவிடுகிறோம். அது ஒழுகத் தொடங்கிய பின்னரே அதன் நினைவு நமக்கு வருகின்றது.

கோவை நகருக்கு வடக்கே, சத்தியமங்கலம் செல்லும் சாலையில் உள்ளது சரவணம்பட்டி. தோட்டமும் கிணறும் சூழ்ந்திருந்த இவ்வூர், 2011ஆம் ஆண்டில் கோவை மாநகராட்சியுடன் இணைந்தது. இன்று இங்கு வானளாவிய கட்டடங்கள் பல எழுந்துள்ளன; பழைய ஓட்டு வீடுகளும் ஆங்காங்கே உள்ளன. ஓட்டு வீடாயினும் மெத்தை வீடாயினும் கூரையைத் தூய்மை செய்யும் கடமை ஒன்றே.

ஆனி, ஆடித் திங்கள்களில் பாலக்காட்டுக் கணவாயின் வழியே காற்று விரைந்து வீசுகின்றது. அது புழுதியையும் சருகையும் வாரிக்கொண்டு வந்து கூரைமீது சேர்க்கின்றது. அவை ஓட்டின் இடுக்கிலும், இரு சரிவுகள் கூடும் கூடல்வாயிலும், இறவாரத்தை ஒட்டிய தூம்பிலும் தங்கிவிடுகின்றன. இப்பகுதிக்கு மிகுதியான மழையைத் தருவது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையே. ஆதலின், அதற்கு முன்னர்ப் புரட்டாசியில் மழையில்லாத ஒரு நாளே இப்பணிக்கு ஏற்றது.

தூம்பு அடைபட்டால் நேரும் தீங்குகள் யாவை? ஓட்டு வீட்டில் நீர் பின்வாங்கி ஓட்டின் கீழ்ப் புகுந்து மரச்சட்டங்களை உளுக்கச் செய்யும். மெத்தை வீட்டில் நீர் தேங்கிக் காரையில் ஊறி உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். தேங்கிய நன்னீரில் ஏடிஸ் என்னும் கொசு பெருகும். டெங்குக் காய்ச்சலைப் பரப்புவது அக்கொசுவே.

தீங்கைத் தவிர்ப்பதோடு, தூய கூரையால் நன்மையும் உண்டு. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நூறு சதுர மீட்டர் பரப்புள்ள மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர் நீர் விழும். கூரை தூயதாயின் அந்நீர் தெளிவாகக் கிணற்றையோ தொட்டியையோ சேரும். அழுக்காயின் சருகும் பறவை எச்சமும் உடன் சேரும். ஆதலின் முதல் மழை நீரைத் தொட்டியில் விடாது வெளியே கழித்துவிடுதல் வேண்டும்.

இனி, இதனைச் செய்யும் முறையைக் காண்போம். முதலாவது, தனியே இருக்கும்போது ஏணியில் ஏறலாகாது. ஒருவர் ஏற, மற்றொருவர் அடியைப் பற்றிக்கொள்ளுதல் வேண்டும். ஏணியைச் சமமான, உறுதியான தரையில் நிறுத்துக. பன்னிரண்டு அடி உயரத்தில் அது சாயுமாயின், அதன் அடி சுவரினின்று மூன்று அடி தள்ளியிருத்தல் வேண்டும். அதனினும் நெருங்கினால் ஏணி பின்னே சரியும். மிக விலகினால் அடி வழுக்கும். எட்டாத இடத்திற்கு உடலை வளைத்து எட்டுதல் கூடாது. இறங்கி, ஏணியை நகர்த்தி, மீண்டும் ஏறுக.

மின்கம்பி அருகில் இருந்தால் அலுமினிய ஏணியை அங்கே கொண்டு செல்லலாகாது. ஈரமான மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை மறவற்க. சருகினுள் தேளும் பூரானும் ஒளிந்திருக்கக்கூடும். எனவே கையுறை அணிந்து, சிறு கரண்டியால் சருகை அள்ளி வாளியிலிட்டுக் கயிற்றால் கீழே இறக்குக. பின்னர்ச் சிறிது நீர் ஊற்றி, அது தடையின்றி ஓடுகின்றதா எனப் பார்க்க.

ஓட்டின்மீது கால் வைத்தால் ஓடு உடையும். ஏணியில் நின்றவாறே இயன்றதைச் செய்தல் நலம். கல்நார்த் தகட்டின்மீது எக்காரணத்தாலும் ஏறலாகாது. அது உறுதியானதுபோல் தோன்றினும் திடீரென முறிந்துவிடும். அதனை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் நுண்துகள் நுரையீரலுக்குக் கேடு. மொட்டை மாடியைப் பெருக்குவோர் விளிம்பிற்கு முதுகு காட்டிப் பின்னோக்கி நடத்தல் கூடாது.

மாணவர்களே, ஏறுதல் பெரியோர் பணி, நீங்கள் ஏறற்க. எனினும், தூம்பு அடைபட்டிருப்பதைக் கண்டு சொல்லுதலும், ஏணியைத் தனியே ஏறுவோரைத் தடுத்துத் துணையை அழைத்தலும் உங்களால் இயலும். தூம்பிலுள்ள சருகு நாளை வரை காத்திருக்கும். விழுந்து ஒடிந்த முதுகெலும்போ முன்போல் ஆதல் அரிது. வீட்டைக் காக்கும் கூரையைப் பேணுவோம். அதனைப் பேணுவோரையும் காப்போம்.