கித்தாரின் விரற்பலகையைப் பேணும் முறை

இசைக்கருவியை மீட்டக் கற்கும் மாணவன், அக்கருவியைப் பேணவும் கற்றல் வேண்டும். பெற்றோர் வியர்வை சிந்தி ஈட்டிய பொருளால் வாங்கித் தந்த கித்தார், பேணுவாரின்றிக் கெட்டுப் போவது வருந்தத்தக்கதன்றோ?

கித்தாரின் கழுத்தில், கம்பிகளுக்குக் கீழே, ஒரு மெல்லிய பலகை ஒட்டப்பட்டிருக்கும். விரல்கள் அழுத்தும் இடமாதலின் அது விரற்பலகை எனப்படும். வீணையின் மெட்டுகள் மெழுகின்மேல் பதிக்கப்படுகின்றன. கித்தாரின் மெட்டுகளோ பலகையில் அறுத்த வெட்டுகளில் இறுக்கப்படுகின்றன. விரல்களின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தூசியோடு கலந்து, மெட்டுகளின் ஓரங்களில் அழுக்காகப் படியும்.

துடைக்கத் தொடங்குமுன் பலகையின் மரம் எதுவென அறிதல் வேண்டும். கருங்காலியும் ஈட்டி மரமும் கருநிறமும் உறுதியும் உடையவை. தமிழகத்தின் நீலகிரி முதலிய மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் ஈட்டி மரம் உலகெங்கும் கித்தார் செய்யப் பயன்படுகிறது. இம்மரப் பலகைகளுக்குப் பெரும்பாலும் வார்னிசு பூசுவதில்லை. மேப்பிள் மரமோ வெளிர்நிறமுடையது, எளிதில் கறைபடும். ஆதலின் அதற்கு வார்னிசு பூசுவர்.

வார்னிசு பூசாத பலகையைத் துப்புரவு செய்யும் முறை வருமாறு:

1. கம்பிகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்திக் கழற்றுக. கித்தாரின் வாயை அட்டையால் மூடுக.

2. உலர்ந்த மென்துணியால் தூசியைத் துடைத்து, பழைய பல் துலக்கியால் மெட்டுகளின் ஓரங்களை மெல்லத் தேய்க்குக.

3. அழுக்கு விடாப்பிடியாக இருப்பின், 0000 என்னும் எண்ணுடைய மிக மென்மையான எஃகுப் பஞ்சினால் மரத்தின் ரேகை ஓடும் திசையில் இலேசாகத் தேய்க்குக. மின் கித்தாராயின் அதன் காந்தங்களை முதலில் மூடுதல் வேண்டும். இன்றேல் எஃகுத் துகள்கள் அவற்றில் ஒட்டிக்கொள்ளும்.

4. விரற்பலகைக்கென விற்கப்படும் எண்ணெயில் சில துளிகளைத் துணியில் இட்டுப் பூசுக. ஐந்து நிமிடம் கழித்து, எஞ்சிய எண்ணெய் முழுவதையும் துடைத்து எடுத்துவிடுக.

சமையல் எண்ணெயைப் பூசலாகாது. அது நாளடைவில் சிக்கு வாடை வீசும். பிசுபிசுத்துத் தூசியையும் ஈர்க்கும். பலகைக்குப் பளபளப்பு ஏற்ற எண்ணி, அடிக்கடி எண்ணெய் தேய்ப்பதும் தவறு. ஆண்டுக்கு ஓரிரு முறையே போதும்.

வார்னிசு பூசிய மேப்பிள் பலகைக்கு எண்ணெய் வேண்டுவதில்லை. எஃகுப் பஞ்சு அதன் மெருகைக் கெடுத்துவிடும். சற்றே ஈரமான துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தலே சாலும்.

மாணவர்களே! இவற்றினும் எளிய வழி ஒன்றுண்டு. மீட்டுமுன் கைகளைக் கழுவித் துடையுங்கள். மீட்டியபின் கம்பிகளையும் பலகையையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். பால்மரம் சீவும் தொழிலாளி, தம் கத்தியைத் துடைத்துத் தீட்டி வைப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். உழைக்கும் கருவியாயினும் இசைக்கும் கருவியாயினும், பேணுபவர்க்கே அது நெடுநாள் பயன்தரும்.