சூதாட்ட மாளிகையும் மலிவான அறையும்

ஐக்கிய அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 1931ஆம் ஆண்டு சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அம்மாநிலத்துப் பாலைவன நகரான லாஸ் வேகாஸில் எழுந்த சூதாட்ட ஹோட்டல்களில் ஆடம்பர அறையும் விருந்தும் நெடுங்காலம் மலிவாகவே கிடைத்தன. பெருந்தொகை வைத்து ஆடுவோருக்கு அவை இன்றும் இலவசம். இதனை விருந்தோம்பல் எனக் கொள்ளலாமா?

ரூலெற் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கச் சக்கரத்தில் 38 எண்கூடுகள் உள்ளன. ஓர் எண்ணில் ஒரு டொலர் வைத்து வெல்பவருக்கு நியாயப்படி 37 டொலர் இலாபம் கிடைத்தல் வேண்டும். கிடைப்பதோ 35 டொலரே. இவ்வேறுபாட்டினால், பந்தயமாக வைக்கப்படும் ஒவ்வொரு 100 டொலரிலும் சராசரியாக 5.26 டொலர் நிறுவனத்தைச் சேருகின்றது. ஆட்டம் நீள நீள இச்சராசரி உறுதிப்படுகின்றது. எனவே அறை, ஆடுவோரை மேசையருகே நிறுத்தி வைக்கும் கருவியேயாகும்.

1990களின் இறுதிக்குள் அறை, உணவு, கேளிக்கை ஆகியவற்றின் மொத்த வருவாய் அந்நகரின் பிரதான வீதியில் சூதாட்ட வருவாயையே விஞ்சியது. அவ்வருவாயின் பின்னால் நின்றவர்கள் அறை துப்புரவாக்குவோரும் சமையலாளரும் பரிசாரகருமே என்பதை நாம் மறத்தலாகாது.

1991 செப்டெம்பரில் புரொன்ரியர் ஹோட்டலின் தொழிலாளர் ஏறத்தாழ 550 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஆறாண்டுகளுக்கு மேல் நீடித்த அப்போராட்டத்தில் ஒருவரேனும் மறியலை மீறி வேலைக்குத் திரும்பவில்லை. 1998இல் ஹோட்டல் கைமாறியபோது புதிய உரிமையாளர் தொழிற்சங்க ஒப்பந்தத்தை ஏற்றார். அம்மாளிகை 2007இல் தகர்க்கப்பட்டது. அத்தொழிலாளரின் சங்கம் இன்றும் நிலைத்துள்ளது.