பல்பை மாத்தியாச்சு, பில் ஏன் குறையல?



சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் எழுதி முடித்து நோட்டை மூடும் நேரத்தில்தான் குழுக் கூட்டங்களில் வீட்டுச் செலவுப் பேச்சு வரும். அதில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "எல்லாரும் சொல்றாங்கன்னு எல்.இ.டி. பல்பு வாங்கி மாட்டினோம். கரண்ட் பில் அப்படியேதான் வருது. இது ஏமாத்து வேலையா மேடம்?"

ஏமாத்து வேலை இல்லை. ஆனால் எந்த இடத்து பல்பை மாற்றினோம், எதை மாற்றாமல் விட்டோம், என்ன பல்பு வாங்கினோம் என்ற மூன்றும் தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். வட்டியைப் பைசா சுத்தமாகப் போடத் தெரிந்த நமக்கு இந்தக் கணக்கு ஒன்றும் பெரிதில்லை.

யூனிட் கணக்கு

1000 வாட்ஸ் உள்ள ஒரு பொருள் 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். பல்பில் எத்தனை வாட்ஸ் என்று போட்டிருக்கிறதோ, அதை ஒரு நாளில் எரியும் மணி நேரத்தால் பெருக்குங்கள். பில் இரண்டு மாதக் கணக்கு என்பதால் 60 நாளால் பெருக்குங்கள். வந்ததை 1000-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும்.

பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட். அதே இடத்தில் 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்பு எரிந்தால் 2.7 யூனிட். பதினைந்து யூனிட்டுக்கு மேல் மிச்சம். கடைசி யூனிட்டுக்கு நீங்கள் 5 ரூபாய் கட்டுவதாக வைத்துக்கொண்டால் ஒரே பல்பில் 76 ரூபாய் மிச்சமாகும். நூறு ரூபாய் போட்டு பல்பு வாங்கினாலும் மூன்று மாதத்துக்குள் முதல் திரும்பிவிடும்.

வெளிச்சம் குறையாது. குண்டு பல்பில் உள்ளே இருக்கும் கம்பி பழுக்கக் காய்ந்துதான் ஒளி வருகிறது. அது இழுக்கும் கரண்டில் பத்தில் ஒன்பது பங்கு சூடாகவே போய்விடும். எரிகிற குண்டு பல்புக்குப் பக்கத்தில் கையைக் கொண்டு போனால் சுடுகிறதல்லவா, அந்தச் சூட்டுக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கட்டுகிறோம்.

இப்போது அதே 60 வாட்ஸ் பல்பு குளியலறையில் இருக்கிறது, தினம் கால் மணி நேரம்தான் எரிகிறது என்று வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு யூனிட் கூட ஆகாது. அங்கே எல்.இ.டி. மாட்டிவிட்டு பில்லைப் பார்த்தால் எப்படித் தெரியும்? அதிக நேரம் எரிவது எதுவோ அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

ஜீரோ வாட்ஸ் ஜீரோ இல்லை!

சாமி படத்துக்கோ மாதா படத்துக்கோ முன்னால் சிவப்பு, பச்சையில் ஒரு சின்ன பல்பு எரியும். படுக்கும்போது போடுவதும் அதுதான். கடையில் "ஜீரோ வாட்ஸ்" என்று கேட்டு வாங்குகிறோம். பேரைப் பார்த்து அதற்குக் கரண்டே செலவாகாது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். பழைய சக்கர மீட்டர்களில் இவ்வளவு சின்ன அளவு சரியாகப் பதிவாகாது, அதனால்தான் அந்தப் பேர் வந்தது. உண்மையில் அந்தக் கண்ணாடி பல்பு 12 முதல் 15 வாட்ஸ் வரை இழுக்கும். இப்போதுள்ள எலக்ட்ரானிக் மீட்டர் ஒன்றையும் விடாது.

15 வாட்ஸ், இரவும் பகலும் 24 மணி நேரம், 60 நாள். போட்டுப் பாருங்கள், 21.6 யூனிட். கூடத்தில் 5 மணி நேரம் எரிகிற 60 வாட்ஸ் குண்டு பல்பை விட இது அதிகம்! கூடத்து பல்பை மாற்றிவிட்டுப் பூஜை அறை பல்பை விட்டவர்களுக்கு பில் எதிர்பார்த்த அளவு குறையாது. சாமிக்கு விளக்கைக் குறைக்கச் சொல்லவில்லை. அரை வாட்ஸ் எல்.இ.டி. இரவு விளக்கு கடையில் கிடைக்கிறது. அது இரவும் பகலும் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு யூனிட் ஆகாது. எங்களைக் கேட்டால், வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.

அடுத்தது பழைய டியூப் லைட். டியூப் 40 வாட்ஸ்தான், ஆனால் கனமான பழைய சோக் தனியாக 10 முதல் 15 வாட்ஸ் வரை எடுத்துக்கொள்ளும். ஆக 55 வாட்ஸ் என்று வைத்தால், தினம் 6 மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 20 யூனிட். 20 வாட்ஸ் எல்.இ.டி. டியூப் என்றால் 7 யூனிட் சொச்சம். பழைய பட்டியிலேயே எல்.இ.டி. டியூபைச் சொருகப் பார்க்காதீர்கள். சோக், ஸ்டார்ட்டர் கழற்றி வயரை மாற்ற வேண்டியிருக்கும், அது வயர்மேன் வேலை. பட்டியோடு சேர்ந்தே வரும் எல்.இ.டி. டியூப் வாங்கினால் தொல்லை குறைவு.

"எங்களுக்குத்தான் இலவச யூனிட் இருக்கே, நாங்க ஏன் மாத்தணும்?" என்று கேட்கிறவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 2016 மே மாதம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்தது. இலவச அளவுக்குள்ளேயே முழுவதும் முடிகிற வீட்டில் பல்பை மாற்றுவதால் பில்லில் ஒரு ரூபாயும் குறையாது, அதை மறைத்துப் பேச மாட்டோம். அந்த வீட்டில் குண்டு பல்பு பியூஸ் ஆகும்போது மாற்றினால் போதும். ஆனால் கோடையில் இரண்டாவது ஃபேன் போட்டதும், மிக்சி, கிரைண்டர் வந்ததும் அளவு தாண்டும். பல்பில் மிச்சமான யூனிட் அப்போது கைகொடுக்கும். யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும் என்பதால், நாம் மிச்சம் பிடிப்பது எப்போதும் விலை அதிகமான கடைசி யூனிட்டுகளைத்தான்.

பல்பை மட்டும் பார்த்துவிட்டு ஃபேனை மறக்கவும் கூடாது. சாதாரண ஃபேன் ஒன்று 75 வாட்ஸ், தினம் 12 மணி நேரம் என்றால் 54 யூனிட். அதைப் பற்றி வேறொரு இதழில் பேசுவோம்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

குண்டு பல்பு காலத்தில் 40, 60, 100 என்று வாட்ஸைச் சொன்னாலே வெளிச்சம் புரிந்துவிடும். எல்.இ.டி.யில் அப்படி இல்லை. வெளிச்சத்தின் அளவுக்குப் பேர் லூமன். அட்டைப் பெட்டியில் எழுதியிருக்கும். பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு சுமார் 700 லூமன் தரும். நல்ல 9 வாட்ஸ் எல்.இ.டி. 900 லூமன் அளவுக்குத் தரும். இரண்டு பல்பும் 9 வாட்ஸ், ஒன்றில் 900, மற்றொன்றில் 700 என்றால் முதல் பல்புதான் அதே கரண்டுக்கு அதிக வெளிச்சம் தருகிறது. லூமன் எழுதாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சந்தையிலும் வண்டியிலும் "மூணு பல்பு நூறு ரூபா" என்று கூவி விற்பதில் பெட்டியே இருக்காது. பி.ஐ.எஸ். முத்திரையும் அதனோடு 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் எல்.இ.டி. பல்புக்குக் கட்டாயம். மின்சிக்கன நட்சத்திர முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு வாரண்டி. பில் இல்லாமல் வாரண்டி செல்லாது. வாங்கிய தேதியை பல்பின் வெள்ளைப் பகுதியில் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்து, பில்லை வீட்டு ரசீதுகளோடு போட்டு வையுங்கள். ஆறு மாதத்தில் போகிற முப்பது ரூபாய் பல்பை விட, கேள்வி கேட்க ஆள் இருக்கும் நூறு ரூபாய் பல்பு மலிவு.

மொத்தமாக வாங்கினால் விலை எப்படி இறங்கும் என்பதற்கு இந்த பல்பே சாட்சி. மத்திய அரசின் உஜாலா திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கியது. அதற்காகக் கோடிக்கணக்கில் பல்பு கொள்முதல் செய்தார்கள். 2014-ல் 300 ரூபாய்க்கு மேல் இருந்த கொள்முதல் விலை 2016-க்குள் 40 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. நம்மால் கோடியில் வாங்க முடியாது. ஆனால் ஒரு ஊரில் நான்கு குழு சேர்ந்து பட்டியல் போட்டு, முத்திரையும் பில்லும் உள்ள பல்பை மொத்தக் கடையில் கேட்டால் விலை குறைத்துத்தான் தருவார்கள்.

நிறத்தில் இரண்டு வகை உண்டு. சமையலுக்கும் படிப்புக்கும் வெள்ளை, படுக்கும் இடத்துக்கு மஞ்சள் என்று வைத்துக்கொள்ளலாம். தையல் தைக்கிற சகோதரிகள் உச்சியில் பெரிய பல்பு போடுவதை விட, மெஷினுக்கு இடப்பக்கம் தாழ்வாக ஒரு 5 வாட்ஸ் பல்பு வைத்துப் பாருங்கள். கை நிழல் துணியில் விழாது. விறகு அடுப்பு உள்ள சமையலறையில் பல்பின் மேல் புகைப் படிவு சேர்ந்து வெளிச்சத்தை மறைக்கும். மாதம் ஒருமுறை ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஆறிய பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பிளக்கில் சொருகினால் பில் பாதியாகும் என்று ஒரு சின்னப் பெட்டியை வீடு வீடாக, தவணையிலும் கூட விற்கிறார்கள். அதற்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு கெபாசிட்டர். நம் வீட்டு மீட்டர் கணக்கெடுக்கும் யூனிட்டை அது குறைக்காது. அதற்காகக் குழுவில் உள்கடன் கேட்டால் தயவுசெய்து தீர்மானம் போடாதீர்கள்.

மீட்டரையே கேளுங்கள்

எலக்ட்ரானிக் மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மினுக்கும் என்று பக்கத்திலேயே எண் போட்டிருக்கும். 3200 என்றால், வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு 60 வாட்ஸ் குண்டு பல்பை மட்டும் போடுங்கள். ஏறக்குறைய 19 நொடிக்கு ஒருமுறை மினுக்கும். அதை எடுத்துவிட்டு 9 வாட்ஸ் எல்.இ.டி. போட்டால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறைதான். பிள்ளைகளைக் கடிகாரத்தோடு நிறுத்தி எண்ணச் சொல்லுங்கள், ஆசையாகச் செய்வார்கள். எல்லாவற்றையும் அணைத்த பிறகும், டி.வி., சார்ஜர் பிளக்கைக் கூடப் பிடுங்கிய பிறகும் மினுக்கிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிவு இருக்கலாம். வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலாக எரிகிறது, அவ்வப்போது மினுக்குகிறது என்று சிலர் சொல்கிறார்கள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை! ஃபேஸ் வயரில் இருக்க வேண்டிய ஸ்விட்சை நியூட்ரல் வயரில் போட்டிருந்தால் இப்படி வரும். இதைச் சாதாரணமாக விடக்கூடாது. ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும், பல்பு மாற்றக் கை வைத்தால் ஷாக் அடிக்கும். வேறு காரணமும் இருக்கலாம் என்றாலும், வயர்மேன் டெஸ்டர் வைத்துப் பார்க்கும் வரை அந்த ஹோல்டரைத் தொட வேண்டாம்.

எல்.இ.டி. பல்பு சீக்கிரம் போவதற்குப் பெரும்பாலும் காரணம் அடிப்பகுதியில் இருக்கும் சின்ன எலக்ட்ரானிக் தட்டு. சூடு அதற்கு ஆகாது. காற்றுப் போகாத மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டினாலும், ஹோல்டர் லூசாக இருந்து பொறி தட்டினாலும் ஆயுள் குறையும். ஒரே ஹோல்டரில் அடுத்தடுத்து பல்பு போனால் பல்பைத் திட்டாமல் ஹோல்டரை மாற்றுங்கள்.

பல வீடுகளில் வளைந்த குழாய் மாதிரியான சி.எஃப்.எல். பல்பு இன்னும் எரிகிறது. நன்றாக எரிந்தால் எரியட்டும், அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். ஆனால் அதற்குள்ளும், பழைய டியூப் லைட்டுக்குள்ளும் கொஞ்சம் பாதரசம் உண்டு. உடைந்துவிட்டால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஃபேனை நிறுத்தி, ஜன்னல் கதவைத் திறந்து வைத்துக் கால் மணி நேரம் கழித்து உள்ளே போங்கள். விளக்குமாறு போட்டுப் பெருக்கினால் பாதரசம் பரவும். கெட்டி அட்டையால் சில்லை வாரி, மிச்சத்தை ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, எல்லாவற்றையும் மூடி போட்ட டப்பாவில் அடைத்து, குப்பை வாங்க வருபவரிடம் சொல்லிக் கொடுங்கள். அடுப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது கரண்ட் அட்டையைக் கையோடு எடுத்து வாருங்கள். வீட்டில் எரியும் பல்புகளை வாட்ஸ், மணி நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வந்தால், ஊக்குநரோடு உட்கார்ந்து எதை முதலில் மாற்றலாம் என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடலாம். பூஜை அறை பல்பை எழுத மறந்துவிடாதீர்கள்!