அபிமானத்தை அளக்கும் மரக்கால்

நெல்லை அளக்க மரக்காலும், பாலை அளக்க ஆழாக்கும், துணியை அளக்கக் கஜக்கோலும் நம் முன்னோர் வைத்திருந்தார்கள். ஜனங்களுடைய அபிமானத்தை அளப்பதற்கு ஏதேனும் கருவி உண்டா?

இந்தக் கேள்வி நமக்கு எழுந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களாகப் பாரம்பரிய அரிசி, சிறுதானியம், ரசாயன உரமின்றி விளைந்த காய்கறி ஆகியவற்றைப் பற்றிய பேச்சு தமிழ்நாட்டில் ஓங்கியிருக்கிறது. 2023-ம் வருஷத்தை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. கல்யாணப் பந்திகளில்கூடத் தினைப் பாயசம் தலைகாட்டுகிறது. யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, "மண்ணைக் கெடுக்காமல் நம் பக்கத்திலேயே விளைந்த உணவு உங்களுக்குப் பிடிக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். பிடிக்காது என்று சொல்கிறவர் அகப்படமாட்டார்.

ஆனால் அந்தப் பதிலை நம்பி ஒரு குடியானவர் ஒரு போகம் நெல் விதைக்கலாமா? அறுவடையானதும் அதை வாங்க ஆள் இருக்குமா? விஷயம் அங்கேதான் இருக்கிறது. 'ஆம்' என்று சொல்லுவதற்குச் செலவு ஒன்றுமில்லை. செலவில்லாத அபிமானத்தை எந்த மரக்காலாலும் அளக்க முடியாது.

மகாத்மா காந்தி இந்த உண்மையை நன்கு அறிந்திருந்தார். கதர் என்றால் கரகோஷம் செய்தவர்கள் அக்காலத்தில் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர் கரகோஷத்தை எண்ணவில்லை. 1924-ம் வருஷம் அவர் தலைமை வகித்த பெல்காம் காங்கிரஸில், அங்கத்தினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கஜம் கைநூல் கொடுக்கவேண்டும் என்று விதி செய்யப்பட்டது. நூலை அளக்கத் தொடங்கியதும் அபிமானிகளின் தொகை சுருங்கிப் போயிற்று. அடுத்த வருஷமே விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. ஆயினும் அந்தச் சோதனை வீண் என்று நாம் கருதவில்லை. கதர் அபிமானம் எவ்வளவு என்பது அன்றுதான் தெரிந்தது.

உணவு விஷயத்தில் இப்படி ஓர் அளவுகோல் நமது தஞ்சைத் தரணியிலேயே இருக்கிறது. 2003-ம் வருஷம் இயற்கை வேளாண்மை அறிஞர் நம்மாழ்வார் பூம்புகாரிலிருந்து கல்லணை வரையில் பாதயாத்திரை சென்றார். அதில் கலந்துகொண்டவர்களில் ஒருவர் திருத்துறைப்பூண்டியைச் சேர்ந்த ஜெயராமன். கைவிடப்பட்ட நெல் வகைகளைத் தேடுவதே பிறகு அவருடைய வாழ்க்கை ஆயிற்று. 'நெல்' என்னும் அடைமொழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 2006-ம் வருஷத்திலிருந்து ஆதிரெங்கம் கிராமத்தில் அவர் நெல் திருவிழா நடத்தி வந்தார். காட்டுயானம், பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை என்று 174 வகைகள் அவர் முயற்சியால் மீண்டும் வயலுக்கு வந்தன.

அந்தத் திருவிழாவின் விதியைக் கவனியுங்கள். வருகிற விவசாயிக்கு 2 கிலோ விதைநெல் விலையின்றிக் கொடுக்கப்படும். அடுத்த வருஷம் அவர் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது.

2 கிலோ நெல் அற்பமாகத் தோன்றலாம். ஒற்றை நாற்று நடவு செய்கிறவருக்கு ஏறக்குறைய ஓர் ஏக்கருக்கு அதுவே போதும். அது 4 கிலோவாகத் திரும்பி வந்தால் என்ன பொருள்? வாங்கியவர் விதையைச் சமைத்துவிடவில்லை, விதைத்தார். மழைக்கும் வெயிலுக்கும் காத்தார். வேறு நெல்லோடு கலந்துவிடாமல் தனியே அறுத்து உலர்த்தினார். பிறகு அதைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தார். இத்தனை சாட்சியும் அந்த 4 கிலோவில் அடங்கியிருக்கிறது. விழாவுக்கு வந்த கூட்டத்தை எண்ணினால் ஆவல் தெரியும். திரும்பி வந்த விதையை அளந்தால்தான் அபிமானம் தெரியும்.

ஜெயராமன் 2018-ம் வருஷம் டிசம்பரில் காலமானார். பாரம்பரிய நெல் வகைகளைக் காக்கும் ஓர் இயக்கத்துக்குத் தமிழ்நாடு அரசாங்கம் அவர் பெயரைச் சூட்டியிருக்கிறது.

நிற்க. இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது நியாயமல்ல. 1966-ல் வெளியான ஐ.ஆர். 8 போன்ற குட்டை நெல் வகைகள் பஞ்சத்துக்கு அஞ்சிய தேசத்தின் வயிற்றை நிரப்பின. பழைய நெல்லோ உயரமாக வளரும், காற்றடித்தால் சாயும், பெரும்பாலும் மகசூல் குறைவு. காட்டுயானம் விளைய ஆறு மாதம் செல்லும். ஆகவே அதைப் பயிரிடுகிறவருக்குக் கூடுதல் விலை கிடைத்தே ஆகவேண்டும். அந்த விலையைக் கொடுக்கவேண்டியவர் யார்? பட்டணத்தில் அடுப்பு மூட்டுகிற நாம்தான். விவசாயி 4 கிலோவைத் திருப்பித் தந்து தம் பங்கைச் செலுத்திவிட்டார். நாம் வாங்காவிட்டால் அந்த விதை காட்சிச்சாலைப் பொருளாகிவிடும்.

நம்முடைய அளவுகோல் எங்கே இருக்கிறது? வீட்டு மளிகைக் கணக்கு நோட்டில் இருக்கிறது. அதில் முதல் தடவை வாங்கியதைத் தள்ளிவிடுங்கள். அது வேடிக்கைக்காக வாங்கியது. கறுப்புக் கவுனியில் ஒரு நாள் சர்க்கரைப் பொங்கல் செய்து, மிச்சத்தை வண்டுக்குக் கொடுத்த வீடுகள் பல. இரண்டாம் தடவை வாங்கினோமா, மூன்றாம் தடவை வாங்கினோமா என்பதே கணக்கு.

இரண்டாம் தடவை வராததற்குப் பல சமயம் சமையலே காரணம். மாப்பிள்ளைச் சம்பாவை வெள்ளைப் பொன்னி போல உடனே உலையில் போட்டால், பல்லுக்கு வேலை கொடுக்கும். குழந்தைகள் முகம் சுளிப்பார்கள். இரவே ஊறவைத்துக் கஞ்சியாகவோ, அரைத்துத் தோசையாகவோ வார்த்தால் ருசி தெரியும். தினசரிச் சாதத்துக்குக் கிச்சிலிச் சம்பா ஏற்றது. விலை கூடுதல் என்பது உண்மைதான். மாதம் முழுவதும் முடியாத குடும்பம், வாரத்தில் ஒரு நாளைக்கு மட்டும் வாங்கினால் போதும். ஆனால் விடாமல் வாங்கவேண்டும். எப்போதோ மூட்டையாக வாங்குகிறவரைவிட, மாதந்தோறும் 2 கிலோ வாங்குகிறவரை நம்பித்தான் குடியானவர் நாற்றங்கால் விடமுடியும்.

காய்கறிக்கும் இதே கணக்குத்தான். இடைத்தரகர் இல்லாமல் விளைவித்தவரே விற்பதற்காக 1999-ம் வருஷம் நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. இன்று பல ஊர்களில் அது விடியற்காலையில் கூடுகிறது. சற்று முன்னதாக எழுந்து பையோடு புறப்படுவதும் ஒருவகை ஓட்டுத்தான்.

அடுத்த மாதத்துச் சாமான் ஜாபிதா எழுத உட்காரும்போது, போன மாதத்து ஜாபிதாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளும்படி நமது வாசகியரை வேண்டிக்கொள்கிறோம். நம் நாட்டு நெல்லின் பெயர் இரண்டிலும் இருக்குமானால், ஆதிரெங்கத்தில் விதை வாங்கிச் சென்ற யாரோ ஒரு விவசாயிக்கு நாமும் 4 கிலோவைத் திருப்பிக் கொடுத்தவர்கள் ஆவோம்.