குப்பையிலே செல்வம், குனிந்தவருக்கு என்ன?

2023ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நாட்டின் பிரதமர் நீலநிற மேற்சட்டை ஒன்றை அணிந்து நாடாளுமன்றத்துக்கு வந்தார். தூக்கி எறியப்பட்ட பிளாஸ்டிக் பாட்டில்களை நூலாக்கி நெய்த துணியில் தைத்த சட்டை அது என்று ஏடுகள் எழுதின, படம் போட்டன, பாராட்டின. பாராட்டட்டும். குப்பையைத் துணியாக்கும் திறமை பாராட்டத்தக்கதுதான். ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். அத்தகைய பாட்டில்களைச் சாக்கடை ஓரத்தில் குனிந்து எடுக்கும் கை யாருடையது? அந்தக் கைக்குக் கிடைக்கும் கூலி என்ன?

தோழர்களே! காலை ஷிப்டுக்குப் புறப்படும் வேளையில் அந்தக் கையை நாம் பார்த்திருக்கிறோம். தோளிலே சாக்கு, கையிலே கம்பிக் கொக்கி, குப்பைத் தொட்டியைக் கிளறும் தாய்மார்கள், முதியவர்கள். குப்பை பொறுக்குகிறவர்கள் என்று சொல்லிவிட்டு நடந்துவிடுகிறோம். உண்மையில் அவர்கள் ஒரு பெருந்தொழிலின் முதல் தொழிலாளர்கள்.

அந்தச் சாக்கு காயலான் கடைக்குப் போகிறது. எடைக்கு ஏற்ற காசு. அங்கிருந்து பெரிய கிடங்குக்குப் போகிறது. அங்கே பெண்கள் உட்கார்ந்து இனம் பிரிக்கிறார்கள். தண்ணீர் பாட்டில் ஓர் இனம். எண்ணெய் கேன் வேறோர் இனம். பால் பை இன்னோர் இனம். பொருளின் அடியிலே முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண் பொறித்திருக்கும். இனத்தைக் காட்டும் எண் அது. எண் இல்லாத துண்டைத் தடவிப் பார்த்தும், தட்டி ஓசை கேட்டும் இனம் சொல்லிவிடுகிற தொழிலாளர்கள் உண்டு. எந்தப் பள்ளியிலும் சொல்லிக் கொடுக்காத அறிவு அது. அது இல்லாவிட்டால் ஆலை ஓடாது. பிரித்ததை நறுக்கி, கழுவி, உலர்த்தி, உருக்கி, கம்பிபோல் இழுத்து, குருணையாக வெட்டுகிறார்கள். அந்தக் குருணைதான் மறுபடி வாளியாகிறது, குழாயாகிறது, பாயாகிறது, நூலாகிறது.

இதனால் பயன் இல்லையா? உண்டு. பிளாஸ்டிக் பெரும்பாலும் எண்ணெயிலும் எரிவாயுவிலும் பிறப்பது. பழையதை உருக்கினால் அந்த அளவுக்கு எண்ணெய் மிச்சம், எரிசக்தியும் மிச்சம். மலையாகக் குவியும் குப்பையும் குறையும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு தீப்பிடித்துப் புகைந்ததைச் சென்னைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், கழிவுப் பைகளைத் துண்டாக்கிச் சூடான ஜல்லிமேல் தூவி, அது படிந்த ஜல்லியைத் தாரோடு கலந்து சாலை போடலாம் என்று காட்டினார். 2002இல் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நம் மண்ணிலே விளைந்த அறிவு அது.

அப்படியானால் இனிக் கவலை இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் எறியலாம், எல்லாவற்றையும் உருக்கிக்கொள்ளலாம் என்கிறார்கள் சிலர். அது பொய். தண்ணீர் பாட்டில் உருக ஏறத்தாழ 250 டிகிரி வெப்பம் வேண்டும். அதற்குள் ஒரு துண்டு பி.வி.சி. விழுந்தால், அது கருகி அமில வாயுவைக் கக்கும், சரக்கு கெடும். பிஸ்கட் உறையும் ஷாம்பு பொட்டலமும் பல படலங்களை ஒட்டிச் செய்தவை, பிரிப்பது கடினம். அவற்றைக் காயலான் கடைக்காரர் ஏறெடுத்தும் பாரார். உருக்க உருக்க வலுவும் குறைகிறது. பாட்டில் நூலாகும், அந்த நூல் பெரும்பாலும் மறுபடி பாட்டிலாவதில்லை. 2015 வரை உலகம் செய்து குவித்த பிளாஸ்டிக் 830 கோடி டன். கழிவாய்ப் போனது 630 கோடி டன். அந்தக் கழிவில் மறுசுழற்சிக்கு வந்தது 9 சதவிகிதமே என்று 2017இல் விஞ்ஞானிகள் கணக்குக் காட்டினார்கள்.

இவை பொருளின் குறை. மனிதர் செய்யும் குறை வேறு. கச்சா எண்ணெய் விலை இறங்கினால் புதுக் குருணை மலிந்துவிடும். பழைய குருணைக்கு மதிப்புக் குறையும். 2020இல் எண்ணெய் விலை சரிந்தபோது உலகெங்கும் இந்தத் தொழில் தள்ளாடியது. ஆலைக்காரர் விலையைக் குறைப்பார், கிடங்குக்காரர் குறைப்பார், கடைக்காரர் குறைப்பார். கடைசியில் நிற்பவர் யாரிடம் குறைப்பார்? தம் வயிற்றில்தான்! 2021 அக்டோபரில் பிளாஸ்டிக் கழிவின் மீதான வரியை 5 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாக உயர்த்தினார்கள். அந்தச் சுமையும் படி இறங்கிச் சாக்குக்குத்தான் வரும்.

உறையைச் செய்து விற்றவரே அதைத் திரும்பப் பெறும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்று 2016 விதிகள் கூறின. 2022இல் அளவும் குறித்தார்கள். நல்லது. நடந்தது என்ன? உருக்காததை உருக்கியதாக எழுதிய போலிச் சான்றிதழ்களை 2023இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கண்டுபிடித்தது. காகிதத்திலே சுழற்சி, தெருவிலே குப்பை!

ஆகவே முதல் வேலை, குறைப்பது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் வந்தது. தடை தாளில் இருந்தால் போதாது; கடைத்தெருவில் இருக்க வேண்டும்.

இரண்டாவது வேலை, அமைப்பு. புனே நகரைப் பாருங்கள். குப்பை பொறுக்குவோர் 1993இல் சங்கம் அமைத்தார்கள். அடையாள அட்டை பெற்றார்கள். பின்னர் கூட்டுறவு கண்டார்கள். நகராட்சியோடு 2008இல் ஒப்பந்தம் செய்து, வீடு வீடாகச் சென்று கழிவைப் பெற்று, அதற்குக் கட்டணமும் பெறுகிறார்கள். தொட்டியைக் கிளறியவர்கள் வாசலில் நின்று உரிமையோடு கேட்கிறார்கள். யார் கொடுத்தது? யாரும் கொடுக்கவில்லை, சேர்ந்து நின்று பெற்றார்கள்.

இங்கே ஏன் முடியாது? அடையாள அட்டை வேண்டும். கையுறையும் காலணியும் வேண்டும். நேர்மையான எடை வேண்டும். எண்ணெய் விலை சரிந்தாலும் சரியாத அடிப்படை விலை வேண்டும். இவற்றைக் கேட்கும் குரல் நம் கிளைகளிலிருந்து எழட்டும். அதற்குமுன் நம் வீட்டில் ஒன்று செய்வோம். ஈரக் குப்பையையும் பாட்டிலையும் ஒரே பையில் கட்டி எறியாதிருப்போம். கழுவித் தனியே வைத்த பாட்டிலுக்கு நல்ல விலை கிடைக்கும். அதை எடுக்கும் கை சோற்றுப் பருக்கைக்கும் கண்ணாடிச் சில்லுக்கும் நடுவே துழாவ வேண்டியிராது. நாளைக் காலை அந்தத் தாய் நம் தெருவுக்கு வருவார். தொட்டிக்குள் போடாமல், அவர் கையிலேயே கொடுப்போம். பெயரையும் கேட்டு வைப்போம். சங்கம் அங்கேதான் தொடங்குகிறது.